கதவைத் தட்டுவது யார்?

1913 ஏப்ரல் 15 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பேக்வெல், அன்னி பெசன்ட் அம்மையாருக்கு ஒரு கெடு விதித்தார். மே 26ஆம் தேதிக்குள் இரண்டு பிள்ளைகளையும் பெற்ற தகப்பனிடம் ஒப்படைத்துவிட வேண்டும். தகப்பனார் நாராயணையா, வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். பிள்ளைகளில் மூத்தவர் பின்னாளில் உலகம் அறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. இளையவர் நித்யானந்தா.

மே 26 வந்தது. பிள்ளைகள் வரவில்லை. அவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள்.

1910 மார்ச்சில் பிள்ளைகளின் பாதுகாவலர் பொறுப்பை அன்னி பெசன்ட்டுக்கு எழுதிக் கொடுத்தவர் நாராயணையாதான். பிறகு மனம் மாறி, கொடுத்ததைத் திரும்பக் கேட்டார். 1912இல் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அதை உயர் நீதிமன்றம் தன்னிடம் எடுத்துக்கொண்டது. முதல் தீர்ப்பு அவர் பக்கம். 1913 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பும் அவர் பக்கமே. இரண்டு தீர்ப்புகள் கையில் இருந்தும் ஒரு பிள்ளைகூட வீடு வந்து சேரவில்லை. 1914 மே மாதம் லண்டன் பிரிவி கவுன்சில் எல்லாவற்றையும் ரத்து செய்தது. 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டப்படி நடந்திருக்க வேண்டிய வழக்கு இது. இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொல்ல இங்குள்ள கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. அதோடு, பிள்ளைகளின் விருப்பத்தை யாரும் கேட்கவே இல்லை என்றது. மூத்தவருக்கு அப்போது ஏறக்குறைய 19 வயது.

குடும்பநல நீதிமன்றத்தின் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் இந்த வழக்கு எனக்கு நினைவுக்கு வரும். பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது? யார் போய்க் கூட்டி வருவது? பிள்ளையை யாராவது கேட்டீர்களா? அந்த மூன்று கேள்விகளையும் அந்தப் பெஞ்சுகளில் இன்றும் கேட்கலாம். நூறு வருஷத்தில் தீர்ப்பு எழுதும் மொழி அடியோடு மாறியிருக்கிறது. தீர்ப்பை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகும் வழி அவ்வளவாக மாறவில்லை.

அன்று: ஊர்க்கட்டும் கலெக்டரும்

கிராமத்தில் கணவனும் மனைவியும் பிரிந்தால் பிள்ளை யாரோடு என்பதை ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்த காலம் ஒன்று இருந்தது. "பால்குடி மறக்கிற வரைக்கும் ஆத்தாகிட்ட இருக்கட்டும். அப்புறம் அப்பன் வீட்டுப் பிள்ளை" என்பார்கள். அதை நிறைவேற்ற யாரும் வாரண்டோடு வரத் தேவையில்லை. மீறிய வீட்டின் நல்லது கெட்டதுக்கு ஊர் வராது. அந்தப் பயம் போதும். பேசிய மறுநாளே பிள்ளை கைமாறிவிடும். ஆனால் அந்தத் திண்ணையில் தாயைப் பேசவிட்டவர்கள் குறைவு. பிள்ளையைப் பேசவிட்டவர்கள் அதைவிடக் குறைவு.

சொத்துள்ள வீட்டுப் பிள்ளையின் கதை வேறு. ஜமீன்தார் இறந்து வாரிசு மைனராக இருந்தால் அரசாங்கமே பாதுகாவலர் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கென்று 1902இல் சென்னை மாகாணத்துக்குத் தனிச் சட்டம் உண்டு. எஸ்டேட்டை மாவட்டக் கலெக்டர் பார்த்துக்கொண்டார். மைனர் ஜமீன்தார்களை சென்னையில் நியூயிங்டன் மாளிகையில் வைத்துப் படிக்கவைத்தார்கள். அரசாங்கத்தின் கண் பட்டது நிலத்தோடு பிறந்த பிள்ளைகள்மேல்தான். கூலிக்காரன் பிள்ளையை அப்பன் தூக்கிக்கொண்டு போனால் எந்தக் கலெக்டருக்கும் அது சேதி ஆகாது.

மற்ற எல்லோருக்கும் இருந்தது 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்பு மைனர்கள் சட்டம். அதன் 25ஆவது பிரிவைப் படித்தால் இன்றைக்கும் திக்கென்று இருக்கும். பாதுகாவலரிடமிருந்து பிள்ளை போய்விட்டாலோ, யாராவது கொண்டுபோய்விட்டாலோ, பிள்ளையின் நலனுக்கு நல்லது என்று பட்டால் கோர்ட் பிள்ளையைத் திரும்ப ஒப்படைக்க உத்தரவிடலாம். அந்த உத்தரவை நிறைவேற்ற, பிள்ளையைக் 'கைது' செய்யலாம். பிள்ளையை ஒளித்துவைத்தவரை அல்ல, பிள்ளையை. சட்டத்தில் உள்ள சொல்லே அதுதான்.

45ஆவது பிரிவு, பிள்ளையைக் கொண்டுவராமல் அடம்பிடிப்பவருக்கு அபராதம் விதிக்கிறது: 100 ரூபாய் வரை. அதற்கும் மசியாவிட்டால் மேற்கொண்டு ஒவ்வொரு நாளுக்கும் 10 ரூபாய் வரை, மொத்தம் 500 ரூபாயைத் தாண்டாமல். கொண்டுவருகிறேன் என்று ஒப்புக்கொள்ளும்வரை சிவில் சிறையிலும் வைக்கலாம். 1890இல் 10 ரூபாய் ஒரு குடும்பத்தை உலுக்கக்கூடிய காசு. அதே சட்டத்தின் 17ஆவது பிரிவில் ஒரு நல்ல வரியும் இருந்தது: விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தைக் கோர்ட் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அந்த வரிக்கு உயிர் வர வெகுகாலம் பிடித்தது.

மாறியது: தீர்ப்பு

1956இல் வந்த இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றது; எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையின் நலன் என்று எழுதிவைத்தது. ஆனாலும் இயற்கைப் பாதுகாவலர் தகப்பன், 'அவருக்குப் பின்' தாய் என்ற வரிசை அப்படியே இருந்தது. 1973இல் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்ல, விளையாட்டுப் பொம்மைகளும் அல்ல என்ற கருத்தைத் தெளிவாகச் சொன்னது. இன்று எழுதப்படும் ஒப்படைப்புத் தீர்ப்புகளில் அந்தக் கருத்தின் சாயல் இல்லாதது அரிது.

1984இல் குடும்பநல நீதிமன்றச் சட்டம் வந்தது. கறுப்புக் கோட்டுக்கு முன்னால் ஆலோசகர் பேச வேண்டும், முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும், கேட்டால் வழக்கை மூடிய அறையில் நடத்த வேண்டும் என்றெல்லாம் அதில் வழி இருக்கிறது. 1999இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், 'அவருக்குப் பின்' என்பதற்குத் தகப்பன் செத்த பிறகு என்றுதான் பொருள் என்று கொள்ள வேண்டியதில்லை, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் தாயே பாதுகாவலர் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. 2010இல் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆவது பிரிவில் தகப்பனோடு தாயையும் சேர்த்து எழுதினார்கள். சேர்க்க 120 வருஷம் ஆனது.

2020இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது. பிள்ளை யாரிடம் இருந்தாலும் மற்றவருக்குத் தினமும் ஐந்து பத்து நிமிடம் பிள்ளையோடு பேசும் உரிமை வேண்டும், முடிந்தால் வீடியோ அழைப்பில் என்றது. அந்த வருஷமே கொரோனா ஊரடங்கு வந்து, எத்தனையோ வீடுகளில் அந்தச் சின்னத் திரையே அப்பாவாகவோ அம்மாவாகவோ இருந்தது.

உத்தரவு எழுதும் கை இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது. அதை மனசாரப் பாராட்டுகிறேன். இனிமேல்தான் என் வருத்தம்.

மாறாதது: வாசல்

"குழந்தையைத் தாயிடம் ஒப்படைக்க உத்தரவு" என்று பேப்பரில் செய்தி வந்துவிடும். படிப்பவர்கள் கதை முடிந்தது என்று நினைப்பார்கள். உத்தரவைக் கையில் வாங்கியவருக்குத்தான் தெரியும், கதை இனிமேல்தான் என்று.

குடும்பநல நீதிமன்றத்தின் உத்தரவையும் மற்ற சிவில் உத்தரவுகளைப் போலவே நிறைவேற்ற வேண்டும் என்கிறது 1984ஆம் ஆண்டுச் சட்டம். அதாவது, எதிராளி கொடுக்கவில்லை என்றால் நிறைவேற்று மனுப் போட வேண்டும். வக்கீல்கள் பேச்சில் அது 'இ.பி.' அதற்கு நோட்டீஸ், பதில், வாய்தா. பிறகு சொத்து ஜப்தி, சிவில் சிறை. கடைசியில் வாரண்டோடு கோர்ட் அமீனா போவார். கடன்காரன் வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டப் போகிறாரே, காலி செய்ய மறுக்கும் வாடகைதாரர் வீட்டுக்குப் போகிறாரே, அதே அமீனா. வீடு பூட்டியிருந்தால் 'வீடு பூட்டு, ஆள் இல்லை' என்று எழுதித் திருப்பிவிடுவார். அடுத்த வாய்தாவுக்குள் பிள்ளைக்கு முன்பல் விழுந்து முளைத்திருக்கும்.

ஸ்டேஷனுக்குப் போனால், "பெத்த அப்பன் தூக்கிட்டுப் போனா அது கடத்தல் இல்லைம்மா. சிவில் மேட்டர். கோர்ட்ல பாத்துக்குங்க" என்பார்கள். கோர்ட்டிலிருந்துதானே வருகிறேன் என்று உத்தரவைக் காட்டினால், "இதுல போலீஸுக்குன்னு எதுவும் சொல்லலையே" என்பார்கள். அதற்குத் தனியே ஒரு மனுப் போட்டுப் பாதுகாப்பு உத்தரவு வாங்க வேண்டும். பொறுமை இழந்தவர்கள் உயர் நீதிமன்றத்துக்கோ மதுரைக் கிளைக்கோ ஓடி ஆட்கொணர்வு மனுப் போடுகிறார்கள். அது வேகமான வழிதான். பிள்ளை இருக்கும் இடம் சட்டவிரோதம் என்று காட்ட முடிந்தால் மட்டுமே அந்தக் கதவு திறக்கும்.

கொடுக்க மறுப்பவர்களின் வழிகளும் ஊருக்கு ஊர் ஒன்றுதான். முதல் வாரம் காய்ச்சல். அடுத்த வாரம் பரீட்சை. பிறகு சித்தப்பா வீட்டுக் கல்யாணம். பிறகு வீடே மாறிவிடும், ஸ்கூலும் மாறிவிடும். கடைசியாக, "நான் அனுப்பத்தான் பாக்குறேன், பிள்ளைதான் வரமாட்டேங்குது." இதில் அம்மா வீடு, அப்பா வீடு என்ற வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் இதைச் செய்ய நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் முறை வந்த அமீனா

சில வருஷங்களுக்கு முன்னால், தெரிந்த குடும்பத்துக்குத் துணையாக மதுரைப் பக்கம் ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். ஆறு வயதுப் பெண்பிள்ளை அப்பா வீட்டில் இருந்தது. அம்மாவிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவு. அமீனா ஏற்கெனவே இரண்டு முறை வந்து, 'வீடு பூட்டு' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். அது மூன்றாம் முறை. கூடவே போலீஸ் ஜீப்.

ஜீப் சத்தம் கேட்டதும் பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. ஒரு பெண் காவலர் குனிந்து கையை நீட்டினார். பிள்ளை கட்டில் காலைக் கட்டிக்கொண்டு அலறியது. அப்பத்தா நெஞ்சில் அடித்துக்கொண்டார். அம்மா தெருமுனையில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

அமீனா ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். காவலர்களைப் பார்த்து, "கொஞ்சம் வண்டிகிட்ட இருங்கய்யா" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அப்பத்தாவிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். முற்றத்தில் ஒரு கூடைக்குள் கோழிக்குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன.

"குஞ்சு எத்தனை தாயி?"

பதில் இல்லை. தண்ணீரைக் குடித்து முடித்தார். "அஞ்சு இருக்கும்போல" என்றார் தனக்குத்தானே.

"ஏழு" என்றது கட்டிலுக்கு அடியிலிருந்து.

ஒன்றரை மணி நேரம் ஆனது. அவர் பிள்ளையைத் தொடவில்லை, ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகப் பொய் சொல்லவில்லை. குஞ்சுகளின் பெயர்களைக் கேட்டார். பிள்ளை வெளியே வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டு முற்றத்தில் உட்காரவைத்தார். கிளம்பும்போது பிள்ளை, "குஞ்சுக்கு யாரு தீனி போடுவா?" என்றது. "அப்பத்தா போடுவாங்க. லீவுக்கு வந்து நீ போடு" என்றவர், அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டினார். அப்பத்தா உள்ளே போய்ப் பிள்ளையின் துணிகளை மடித்து ஒரு மஞ்சப்பையில் வைத்துக் கொண்டுவந்தார்.

எந்தச் சட்டத்திலும் அந்த அமீனாவுக்கு இப்படிச் செய் என்று எழுதியிருக்கவில்லை; யாரும் அவருக்குப் பயிற்சி கொடுக்கவும் இல்லை. அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருந்தன, அவ்வளவுதான். ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் மறக்கவே முடியாத அந்த ஒரு பொழுது, வாசலுக்கு வருபவர் நல்ல மனிதராக இருக்கிறாரா என்ற அதிர்ஷ்டத்தை நம்பியிருக்கிறது.

இருக்கிற கைகள்

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்கும் போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது என்கிறது. காக்கியைக் கண்டால் பிள்ளை மிரளும் என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் ஒப்படைப்பு உத்தரவோடு போகும் ஜீப்புக்கு அந்த விதி பொருந்துவதில்லை. அழுகிற பிள்ளையை அழுகையோடு தூக்கி வண்டியில் ஏற்றினாலும் கணக்கில் அது 'உத்தரவு நிறைவேற்றப்பட்டது'தான்.

இத்தனைக்கும் நம் மாவட்டங்களில் ஆள் இல்லாமல் இல்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. பாதுகாப்பு அலுவலர், சமூகப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர் என்று பிள்ளைகளோடு பேசத் தெரிந்தவர்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஓர் அதிகாரியைக் குழந்தை நல அலுவலராக நியமிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 1992இல் சென்னையில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இன்று தமிழ்நாடு முழுவதும் இருக்கின்றன. குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. கிராம அளவில் ஊராட்சித் தலைவர் தலைமையில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்ற ஏற்பாடும் இருக்கிறது. அன்றைக்கு ஜமீன் பிள்ளைக்கு மட்டும் பாதுகாவலராக இருந்த கலெக்டர் அலுவலகம், இன்றைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொறுப்பேற்கிறது. இது சிறிய மாற்றம் இல்லை.

ஆனால் இவர்கள் யாருக்கும் குடும்பநல நீதிமன்ற உத்தரவோடு நேர்த்தொடர்பு இல்லை. பெற்றோர் இருவருக்கும் இடையிலான வழக்கு அவர்களுடைய கணக்கில் வராது. நீதிபதி தனியாகக் கேட்டுக்கொண்டால் உண்டு. இல்லையென்றால் வாரண்ட் அமீனா கையில், பாதுகாப்பு ஸ்டேஷன் கையில். பக்கத்துக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கு அன்றைக்கு அந்த ஊரில் ஒரு பிள்ளை கைமாறப்போகிறது என்பதே தெரியாது.

அவர் கூடப்போக வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'வரமாட்டேன்' என்று சொல்லும் பிள்ளைகள் எல்லாம் சொல்லிக்கொடுத்ததைச் சொல்பவை அல்ல. சில பிள்ளைகள் அடி வாங்கிய வீட்டை நினைத்து நடுங்குகின்றன. எது பாடம் பண்ணிய பேச்சு, எது உண்மைப் பயம் என்று வாசலில் நின்றபடி அமீனாவால் சொல்ல முடியாது. பழகியவர் பேசிப் பார்த்து, உண்மைப் பயம் என்றால் அன்றைக்கே நீதிபதிக்கு எழுத வேண்டும். 1914இல் பிரிவி கவுன்சில் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

வாராந்திரச் சந்திப்புகளின் நிலைமையும் இப்படித்தான். கோர்ட் வளாகத்திலேயே பிள்ளையைப் பார்க்கச் சொல்லி உத்தரவாகிறது. ஒரு அப்பா டிபன் பாக்ஸில் வீட்டுப் பணியாரம் கொண்டுவந்து, பிள்ளை வரும் வழியைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பிள்ளை வராத நாளில் மூடியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போவார். அவர் வந்தார், பிள்ளையைக் கொண்டுவரவில்லை என்று அன்றைய தேதியில் ஒரு பொறுப்பான அலுவலர் எழுதி அனுப்பினால் போதும், பாதி வாய்தாக்கள் குறைந்துவிடும்.

சட்டத்திலும் சரிசெய்ய வேண்டியவை இருக்கின்றன. இருவரும் சேர்ந்து வளர்க்கும் முறைக்கும், சந்திப்புகளுக்கான தெளிவான நெறிமுறைக்கும் 2015இல் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில் பரிந்துரை செய்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. நாடு விட்டு நாடு கொண்டுபோன பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கான 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேரலாம் என்று 2009இலேயே ஆணையம் சொன்னது. இந்தியா இன்னும் சேரவில்லை. நாராயணையாவைப் போல, தீர்ப்பு சென்னையிலும் பிள்ளை கடலுக்கு அப்பாலும் என்று நிற்கும் பெற்றோர் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

அதற்கெல்லாம் டெல்லி மனம் வைக்க வேண்டும். ஒப்படைப்பு உத்தரவின் நகல் ஒன்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்குப் போக வேண்டும், ஆற்றுப்படுத்துநர் ஒருவர் முன்கூட்டியே பிள்ளையைப் பார்த்துப் பேசியிருக்க வேண்டும், போலீஸ் வந்தாலும் சீருடை இல்லாமல் தெருவில் நிற்க வேண்டும் என்ற மூன்றுக்கும் டெல்லி வரை போக வேண்டியதில்லை. உயர் நீதிமன்றமும் மாநில அரசும் சேர்ந்து உட்கார்ந்தால் முடிகிற காரியம் இது. உடனே செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதைப் படிக்கும் பெற்றோர் யாருடைய கையிலாவது அப்படி ஓர் உத்தரவு இருந்தால், உங்களுக்கும் ஒரு வார்த்தை. மேல்முறையீடு செய்யுங்கள், அது உங்கள் உரிமை. பிள்ளைக்கு அங்கே ஆபத்து என்றால் கோர்ட்டில் சொல்லுங்கள். சொல்ல வேண்டியது உங்கள் கடமை. இரண்டும் இல்லையென்றால், ஜீப் வரும்வரை காத்திருக்காதீர்கள். பிள்ளையின் துணியை நீங்களே மடித்துப் பையில் வையுங்கள். நீங்களே கூட்டிக்கொண்டு போய் விடுங்கள்.